பழைய பெட்ரோல் கோல்ஃப் வண்டியில் கிராங்க் ஆயில் சீல் மாற்றுவது எப்படி?

தண்டையார்பேட்டையில் கோல்ஃப் வண்டிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். புல்வெளியில் ஓடி ஓய்ந்த வண்டிகள் கைமாறிக் கைமாறி மணலி, எண்ணூர் பக்கத்துக் கிடங்கு வளாகங்களுக்கு வந்து சேர்கின்றன. அங்கே ஆட்களையும் பெட்டிகளையும் சுமக்கின்றன. படுத்துவிட்டால் எங்கள் பட்டறைக்கு வருகின்றன. கொண்டுவருபவர் சொல்லும் புகார் பெரும்பாலும் இரண்டுதான்: எஞ்சினில் எண்ணெய் ஒழுகுகிறது, மேட்டில் ஏற மறுக்கிறது.

இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் ஒரு முனையில், பெல்ட் வழியாக ஓட்டத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் டிரைவ் கிளட்ச் உட்கார்ந்திருக்கிறது. அதன் முதுகுக்குப் பின்னால், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓர் ஆயில் சீல். அது தேய்ந்தால் கசியும் எண்ணெயைச் சுழலும் கிளட்ச் நாலாபக்கமும் வீசியடிக்கும். பெல்ட் நனைந்து வழுக்கும், வண்டி இழுக்காது.

இங்கே நான் சொல்வது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு. 1990களின் கிளப் கார் வண்டிகளில் இருந்த கவாசாகி எஃப்இ290 போன்ற, காற்றில் குளிரும் 286 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சினை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் சீல் போனால் எண்ணெய் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே புகுவதுதான் தொல்லை. அது வேறு கதை.

சீலைக் குற்றம் சொல்லும் முன்

புதியவர்கள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். எண்ணெயைப் பார்த்தவுடன் சீல் வாங்க ஓடுகிறார்கள். புது சீலைப் போட்ட மறுவாரமே மறுபடியும் ஒழுகும். சீலைத் தள்ளிவிட்டது உள்ளே இருக்கும் அழுத்தம் என்றால், எத்தனை சீல் போட்டாலும் அதே கதிதான்.

முதலில் எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடிக்கிறதா? எண்ணெய் மட்டம் தானாக ஏறியிருக்கிறதா? இந்த எஞ்சின்களில் பெட்ரோல் பம்ப், கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கூடான கிராங்க் கேஸில் எழும் காற்றுத் துடிப்பால் இயங்குகிறது. பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் படலம் கிழிந்தால், அந்தத் துடிப்புக் குழாய் வழியாகவே பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கி எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அப்படியானால் முதலில் பம்பை மாற்றுங்கள், எண்ணெயையும் முழுதாக வடித்து மாற்றுங்கள்.

அடுத்தது பிரீதர். பிஸ்டன் இறங்கும்போது கிராங்க் கேஸில் சேரும் காற்றை இது வெளியே விடுகிறது. உள்ளே ஒரு சிறு தகட்டு வால்வு இருக்கும். அது பிசினேறி ஒட்டிக்கொண்டாலோ, ஏர் ஃபில்டருக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டாலோ, அந்தக் காற்று சீலின் உதட்டை, அதாவது ஷாஃப்ட்டைத் தழுவி நிற்கும் ரப்பர் விளிம்பை, தூக்கிக்கொண்டு வெளியேறும். கழற்றிக் கழுவி, குழாயில் வாயால் ஊதிப் பாருங்கள். வெளியே பசையைப் பூசி அடைக்கும் வைத்தியத்தை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கசிவு எங்கே தொடங்குகிறது என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். எஞ்சினின் அந்தப் பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்து உலர்த்தி, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, பின் சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, சிறிது நேரம் ஓடவிட்டு அணையுங்கள். பவுடர் முதலில் எங்கே கறுக்கிறதோ அதுதான் ஊற்றுக்கண். வால்வு கவர் கேஸ்கெட்டிலிருந்து இறங்கி வரும் எண்ணெயும் சீல் கசிவு போலவே ஏமாற்றும். லுங்கி கட்டிக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பெல்ட் ஆள் பார்க்காது.

பொருள் வாங்குதல்

பழைய சீலின் முகத்தில் மூன்று எண்கள் பொறித்திருக்கும். 35, 52, 8 என்று இருந்தால் ஷாஃப்ட் விட்டம் 35 மி.மீ., வெளி விட்டம் 52 மி.மீ., தடிமன் 8 மி.மீ. எண் அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பாரிமுனைப் பக்கம் லிங்கிச் செட்டித் தெருவை ஒட்டிய கடைகளில் அளவு சொன்னால் தேடித் தருவார்கள். ஆனால் கையில் மாதிரி இருப்பது நல்லது. "வண்டி பேரெல்லாம் எதற்குத் தம்பி, பழைய சீலைக் காட்டுங்கள்" என்பார் கடைக்காரர். அவர் சொல்வது சரி.

ரப்பர் நைட்ரிலா வைட்டானா என்று கேட்டு வாங்குங்கள். நைட்ரில் ஏறக்குறைய 100 டிகிரி வரை தாங்கும், வைட்டான் 200 வரை. காற்றில் குளிரும் எஞ்சினுக்கு, விலை கூடினாலும் வைட்டானையே நான் தேர்ந்தெடுப்பேன். தூசு தடுக்கும் இரண்டாவது உதடு உள்ள வகையாகவும் இருக்கட்டும்.

கழற்றுதல்

பாட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். இந்த வண்டியில் பெடலை மிதித்தாலே ஸ்டார்ட்டர் சுற்றும். யாரோ ஒருவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கால் வைத்தால் உங்கள் விரல் போய்விடும்.

டிரைவ் பெல்ட்டைக் கழற்றுங்கள். பல வண்டிகளில், எஞ்சினைக் கிளப்பிப் பாட்டரியையும் சார்ஜ் செய்யும் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டரின் பெல்ட்டும் இதே பக்கம்தான் இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். கிளட்ச்சின் நடு போல்ட்டை அவிழ்த்தாலும் கிளட்ச் கையோடு வராது. அது ஷாஃப்ட்டின் சரிவான முனையில் இறுகிப் பிடித்திருக்கிறது. நெம்பவும் கூடாது, ஓரத்தில் சுத்தியால் அடிக்கவும் கூடாது. வார்ப்புத் தகடு வளைந்தால் சீல் விலையில் முடிய வேண்டிய வேலை கிளட்ச் விலைக்குப் போய்விடும். உங்கள் மாடலுக்கு உரிய புல்லர் போல்ட்டை வாங்கி, நுனியில் கிரீஸ் தடவி, கிளட்ச்சின் மரையில் ஏற்றி இறுக்குங்கள். அதன் நுனி ஷாஃப்ட்டைத் தள்ள, கிளட்ச் 'டக்' என்ற ஓசையோடு விடுபடும். புல்லர் கிடைக்காவிட்டால் தெருமுனை லேத்தில் மாதிரி காட்டிக் கடைந்துகொள்ளலாம்.

இனி சீல். பிடுங்கும் முன் அது வெளி விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து சுவரில் எழுதி வையுங்கள். பிறகு சீலின் தகட்டு முகத்தில் எதிரெதிராக இரண்டு சிறு துளைகள் போடுங்கள். டிரில் நுனியில் கிரீஸ் அப்பிக்கொண்டால் இரும்புத் துகள் உள்ளே விழாது. தகடு துளைந்தவுடன் நிறுத்திவிடுங்கள். பின்னால் பேரிங் இருக்கிறது. துளைகளில் மரத்துக்குப் போடும் சிறு திருகாணிகளை ஏற்றி, குறடால் மாற்றி மாற்றி இழுத்தால் சீல் வந்துவிடும். ஷாஃப்ட்டுக்கும் சீலுக்கும் இடையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகும் பழக்கம் வேண்டாம்.

ஷாஃப்ட்டைப் பாருங்கள்

சீல் உதடு உரசிய இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரியும். அதன் குறுக்கே விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் சறுக்கிப் போனால் கவலை இல்லை. நகம் மாட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, புது ரப்பர் அந்தப் பள்ளத்தை அடைக்காது. பள்ளம் லேசாக இருந்தால் புது சீலைப் பழைய ஆழத்தைவிட ஒரு மி.மீ. வெளியே தள்ளி உட்கார வைக்கலாம். உதடு தேயாத இடத்தில் ஓடும். ஆழமாக இருந்தால் ஷாஃப்ட்டின் மேல் மெல்லிய ஸ்டெயின்லெஸ் உறைக்குழாய் (ஸ்லீவ்) மாட்ட வேண்டும்.

எங்கள் ஊர்க் கடல்காற்றில் நின்ற வண்டிகளில் இன்னொன்றும் உண்டு: ஷாஃப்ட்டில் புள்ளிப் புள்ளியாகத் துரு. 600 எண் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, ஷாஃப்ட்டைச் சுற்றிய திசையிலேயே தேயுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் விழும் கீறல் ஒவ்வொன்றும் எண்ணெய்க்கு வாய்க்கால். வேலை நடக்கும்போது சீல் உட்காரும் பள்ளத்தைப் பனியன் துணியால் அடைத்து வையுங்கள்.

புது சீலைப் பொருத்துதல்

சீல் உதட்டைச் சுற்றியிருக்கும் சுருள் கம்பி தெரியும் பக்கம் எஞ்சினுக்குள் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் எண்ணெய் ஊற்றிய கையோடு ஒழுகும். கம்பி இருக்கும் பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் தட்டும்போது அது நழுவாது. உதட்டில் எஞ்சின் எண்ணெய் தடவுங்கள். உலர்ந்த உதடு முதல் நிமிடத்திலேயே கருகும்.

ஷாஃப்ட்டில் சாவிப் பள்ளமோ மரையோ இருந்தால் அதன் கூர்முனை உதட்டை அறுத்துவிடும். தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பட்டையை வெட்டி, ஷாஃப்ட்டைச் சுற்றிக் குழலாக வைத்து, அதன்மேல் சீலை வழுக்கி இறக்குங்கள். பிறகு பட்டையை உருவிவிடலாம். சீலின் வெளி விட்டத்தைவிடச் சற்றே சிறிய பிவிசி குழாய்த் துண்டை வைத்து, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் தூக்கினால் நிறுத்தி, தூக்கிய பக்கத்தைத் தட்டிச் சமன்செய்யுங்கள்.

கிளட்ச்சை மாட்டும் முன் சரிவு முனையை உலர்ந்த துணியால் துடையுங்கள். அங்கே எண்ணெயோ கிரீஸோ கூடாது. நடு போல்ட்டை வண்டிக் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். எண்ணெயில் ஊறிய பெல்ட்டைத் துடைத்துப் போடுவதில் பயனில்லை, புதிது வாங்குங்கள். கிளட்ச்சின் முகங்களைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்தினால் போதும்.

எண்ணெயைக் குறியளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். பாட்டரி வயரை மாட்டி, பின் சக்கரங்களைத் தூக்கிய நிலையிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு, மறுபடியும் பவுடர் தூவிப் பாருங்கள். கிளட்ச் பக்கம் வெள்ளையாகவே இருந்து எண்ணெய் இன்னும் சொட்டினால், புது சீலைத் திரும்பத் தொடாதீர்கள். எதிர்ப்பக்கத்தில் ஃப்ளைவீலுக்குப் பின்னால் இன்னொரு சீல் இருக்கிறது. அதற்கு ஃப்ளைவீல் புல்லர் தனியாக வேண்டும்.