கனடா யுனிவர்சிட்டி ஃபுட்பால் சீசன்: புதுசா பாக்குறவங்க பண்ணக்கூடாத தப்புங்க

வாட்டர்லூவுக்கு வந்த முதல் வருஷம் அக்டோபர் மாசத்துல லோரியே யுனிவர்சிட்டி ஃபுட்பால் மேட்ச் ஒண்ணு (சாக்கர் இல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையால எறிஞ்சும் தூக்கிட்டு ஓடியும் ஆடுறது) பாக்கப் போனேன், அலுமினிய பெஞ்ச் உக்காரவே முடியாத அளவுக்கு ஜில்லுனு இருந்துச்சு. ஒரு டீம் பந்தை ஓங்கி உதைக்க, அது எதிர் டீமோட எண்ட் ஜோன்ல (மைதானத்தோட ரெண்டு கோடியிலயும் இருக்குற ஸ்கோர் பண்ற பகுதி) விழுந்து குதிச்சு உருண்டு பின்பக்கக் கோட்டைத் தாண்டி வெளியவே போயிடுச்சு. பந்தோட எண்ட் ஜோனுக்குள்ள போய் டச்டவுனும் எடுக்கல, கம்பத்துக்கு நடுவுலயும் போகல, ஆனா ரெஃப்ரி ஒத்தைக் கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டுறாரு, ஸ்கோர்போர்டுல ஒரு பாயின்ட் ஏறுது. தப்பா போட்டுட்டாங்கன்னு பக்கத்துல இருந்த பெரியவர்கிட்ட சொன்னேன், அவரு பொறுமையா "அதுக்கு ரூஜ்னு பேருப்பா, இங்க அதுவும் பாயின்ட்தான்"னு ஆரம்பிச்சு அடுத்த ரெண்டு மணி நேரமும் பாடம் எடுத்தாரு. அன்னைக்கு ஆரம்பிச்சது இன்னும் விடல. அப்ப நான் பண்ண தப்பையே இப்ப புதுசா பாக்க வர்ற நம்ம ஆளுங்களும் பண்றதைப் பாக்குறேன், அதான் எழுதுறேன்.

பெரிய தப்பு, அமெரிக்காவோட புரொஃபஷனல் லீக்கான என்எஃப்எல் பாத்த கண்ணோட இதைப் பாக்குறது. 10 யார்டு முன்னேற என்எஃப்எல்ல 4 டவுன், அதாவது 4 சான்ஸ், இங்க 3 தான். 10 யார்டு போகணும்னா நெசமா உங்ககிட்ட ரெண்டு சான்ஸ்தான் இருக்கு, மூணாவதுல பெரும்பாலும் உதைச்சுடுவாங்க. இது தெரியாம "என்னடா இவனுங்க எப்பப் பாத்தாலும் பந்தை உதைச்சு விட்டுடுறானுங்க, பயந்தாங்கொள்ளிங்க"ன்னு சொல்றவங்க நிறைய. மைதானம் 110 யார்டு நீளம், 65 யார்டு அகலம், ரெண்டு பக்கமும் பொதுவா 20 யார்டு எண்ட் ஜோன், ஆளுங்க ஒரு டீமுக்கு 12 பேரு. இவ்ளோ பெரிய எடத்துல ரெண்டே சான்ஸ்ல 10 யார்டு வேணும்னா ஓடி ஓடி மூணு நாலு யார்டு சேக்குறது கட்டுப்படியாகாது, பந்தை எறிஞ்சாத்தான் ஆகும். அதனால அகலமா, வேகமா, வேற மாதிரி ஒரு ஆட்டமா ஆயிடுது.

மூணாவது டவுன் வந்ததும் காபி வாங்க எந்திரிச்சுப் போறது அடுத்த தப்பு, எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கும் அதைப் பாத்தா. அமெரிக்கால பன்ட்டை, அதாவது எதிர் டீம் உதைச்சு விடுற பந்தைப் பிடிக்கிறவன் கையை ஆட்டி எனக்கு ஓட வேணாம்னு சொல்லிடலாம், அதோட கதை முடிஞ்சுது. இங்க அந்த வசதியே கிடையாது. பந்தைப் பிடிக்கிறவனுக்குச் சுத்தி 5 யார்டு எடம் விடணும், விடலன்னா பெனால்டி, ஆனா அவன் கைல பந்து பட்ட நிமிஷத்துலேர்ந்து அத்தனை பேரும் அவன் மேல பாய்வானுங்க. எண்ட் ஜோனுக்குள்ள வந்து விழுந்தா அவன் அரை செகண்டுல முடிவு பண்ணணும், வெளிய ஓடிட முடியுமா, இல்ல ஒரு பாயின்ட்டைக் குடுத்துட்டு உயிரோட அடுத்த ஆட்டத்துக்குப் போறதான்னு. மேட்ச் சமமா இருந்து கடைசி சில செகண்ட் மட்டும் பாக்கின்னு வெச்சுக்கோங்க, உதைக்கிற டீமுக்கு அந்த ஒத்தைப் பாயின்ட்டே ஜெயிக்கப் போதும். கம்பத்துக்கு நடுவுல உதைக்கிற ஃபீல்ட் கோல் தவறினாலும், எதிர் டீம் பந்தை எண்ட் ஜோன்லேர்ந்து மைதானத்துக்குள்ள திரும்பக் கொண்டு வரலன்னா ஒரு பாயின்ட். அதனால கிக் அடிச்சு மிஸ் ஆயிடுச்சுன்னு தலையில கை வெக்காம பந்து எங்க போகுதுன்னு பாருங்க.

ரிசீவருங்க (எறியுற பந்தைப் பிடிக்கிறவங்க) பந்து நகர்றதுக்கு முன்னாடியே முன்னால ஓடி வர்றதைப் பாத்துட்டு ஃபவுல் ஃபவுல்னு கத்துறவங்களும் உண்டு, இங்க அது ரூல்படி சரி, அவங்க ஓட்டத்தோட வேகத்துலயே பந்து வெச்சிருக்குற கோட்டை வந்து தொடலாம், பந்து கெளம்புறதுக்கு முன்னாடி தாண்டக்கூடாது அவ்ளோதான். டிஃபன்ஸ் பந்துலேர்ந்து ஒரு முழு யார்டு தள்ளி நிக்கணும், அதனால மூணாவது டவுன்ல ஒரு யார்டு மட்டும் வேணும்னா தயங்காம முட்டிப் போயிடுவாங்க, அது வீம்பு கெடையாது, கணக்கு.

சீக்கிரம் கெளம்பிடாதீங்க. விசில் அடிச்சதுலேர்ந்து 20 செகண்டுல அடுத்த ஆட்டத்தை ஆரம்பிச்சே ஆகணும், கடைசி 3 நிமிஷத்துக்கு தனி எச்சரிக்கை இருக்கு, அந்த 3 நிமிஷத்துல என்ன வேணா நடக்கும். 2011 வானியே கப் (நாட்டோட யுனிவர்சிட்டி சாம்பியன்ஷிப்) ஃபைனல், வேன்கூவர்ல மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டியும் லவால் யுனிவர்சிட்டியும். மொதல்ல மெக்மாஸ்டர் கை ஓங்கியிருந்துச்சு, லவால் தொரத்திட்டு வந்து முன்னாடியும் போச்சு, கடைசில ரெண்டு ஓவர்டைம் ஆடி மெக்மாஸ்டர் 41-38ன்னு ஜெயிச்சுது. பாதியில டிவியை ஆஃப் பண்ணினவங்க எதை விட்டாங்கன்னு நெனச்சுப் பாருங்க.

லவால்னதும் ஞாபகம் வருது, வரைபடத்தை நம்பி ஏமாறாதீங்க. மான்ட்ரியாலுக்குப் பக்கத்துல லவால்னு ஒரு ஊரு இருக்கு, அங்க போனா லவால் டீம் இருக்காது, அந்த யுனிவர்சிட்டி இருக்குறது சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி கியூபெக் சிட்டில. டிக்கெட் வாங்கிட்டு ஊரு மாறிப் போயிடக்கூடாதுல்ல. இன்னொண்ணு பிஷப்ஸ், அது கியூபெக் மாகாணத்துல ஷெர்புரூக்ல இருக்குற யுனிவர்சிட்டி, அதே ஷெர்புரூக்ல ஷெர்புரூக் யுனிவர்சிட்டி டீமும் இருக்கு. ஷெர்புரூக் ஆடுறது கியூபெக் கான்ஃபரன்ஸ்ல (வட்டாரப் பிரிவு), பிஷப்ஸ் 2017லேர்ந்து ஆடுறது அட்லாண்டிக் கான்ஃபரன்ஸ்ல. ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு ஒருத்தன் மான்ட்ரியால் போறான், இன்னொருத்தன் நோவா ஸ்கோஷியா வரைக்கும் பஸ்ல போறான்.

இப்ப சீசன் எப்படி ஓடுதுங்கறதுக்கு வர்றேன், இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. மொத்தம் 27 டீம், நாலு கான்ஃபரன்ஸ்: ஒன்டாரியோல 11, மேற்குல 6, கியூபெக்ல 5, அட்லாண்டிக்ல 5. ஆகஸ்ட் கடைசில ஆரம்பிச்சு ஒரு டீமுக்கு 8 மேட்ச்தான், நவம்பர் கடைசில எல்லாம் முடிஞ்சுடும். ரெண்டு மேட்ச் தோத்தாலே வயித்தைக் கலக்கும். "செப்டம்பர்ல என்ன இருக்கு, பிளேஆஃப்லேர்ந்து பாத்துக்கலாம்"னு விட்டீங்கன்னா பாதி சீசன் போயிடுச்சுன்னு அர்த்தம்.

அதோட, வாரா வாரம் வர்ற டாப் 10 ரேங்கிங்கைப் பாத்துட்டு மொதல் ரெண்டு டீமும் ஃபைனலுக்கு வரும்னு நெனைக்காதீங்க. அது ஓட்டுப் போட்டு வர்ற லிஸ்ட், பிளேஆஃபுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது. ஒவ்வொரு கான்ஃபரன்ஸ்லேர்ந்தும் ஒரே ஒரு சாம்பியன்தான் மேல போகும். ஒன்டாரியோல யேட்ஸ் கப், அது 1898லேர்ந்து இருக்கு, மேற்குல ஹார்டி கப், கியூபெக்ல டன்ஸ்மோர் கப், அட்லாண்டிக்ல லோனி போல். அந்த நாலு சாம்பியனும் மிட்செல் போல், யூடெக் போல்னு ரெண்டு செமிஃபைனல் ஆடி, ஜெயிக்கிற ரெண்டு பேரும் வானியே கப்புக்கு. செமில யாரோட யாரு மோதணும்ங்கறதும் கான்ஃபரன்ஸ் சுழற்சிப்படிதான்.

2024 சீசனையே பாருங்க. 2023ல வானியே கப் ஜெயிச்சது மான்ட்ரியால், யுபிசியை (பிரிட்டிஷ் கொலம்பியா யுனிவர்சிட்டி) 16-9ன்னு. அந்த மான்ட்ரியாலும் லவாலும் ஒரே கான்ஃபரன்ஸ், அதனால ரெண்டு பேரும் நாட்டுலயே பெரிய டீமா இருந்தாலும் ஒருத்தர் நவம்பர் நடுவுலயே வீட்டுக்குப் போய்த்தான் ஆகணும், 2024ல போனது நடப்புச் சாம்பியன் மான்ட்ரியால். இந்தப் பக்கம் எங்க ஊரு லோரியே ஒரு மேட்ச்கூட தோக்காம ஃபைனல் வரைக்கும் வந்துச்சு, பந்தை எறியுற குவாட்டர்பேக் டெய்லர் எல்கெர்ஸ்மாதான் அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரருக்கான ஹெக் கிரைட்டன் விருது வாங்கினாரு. கிங்ஸ்டன்ல நடந்த ஃபைனல்ல லவால் 22-17, அவங்களுக்கு 12வது கப். அன்னைக்கு ராத்திரி இந்த ஊரே கம்முனு இருந்துச்சு, எனக்கு சாப்பாடு எறங்கல. சீசன் முழுக்க ஒரே ஒரு தோல்வி, அதுவும் கடைசி நாள்ல.

ரிசல்ட் மைதானத்துல மட்டும்தான் முடிவாகும்னு நெனைக்கிறதும் தப்புதான். 2017ல செயின்ட் மேரீஸ் டீம்ல ஒரு ஆட்டக்காரர் அதுக்கு முன்னாடி சிஎஃப்எல் (கனடாவோட புரொஃபஷனல் லீக்) டீமோட ப்ராக்டிஸ் ரோஸ்டர்ல, அதாவது பயிற்சி ஆளுங்க பட்டியல்ல இருந்தவருன்னு தகுதிப் பிரச்சனை கெளம்பி, லோனி போலையே ரத்து பண்ணிட்டாங்க, அப்புறம் கோர்ட்டுக்குப் போய் நடத்தச் சொல்லி உத்தரவு வாங்கி, ஒரு செவ்வாய்க்கிழமை ஆடினாங்க, அகேடியா ஓவர்டைம்ல 45-38ன்னு ஜெயிச்சுது.

டொராண்டோ பக்கம் இருக்குற நம்ம அம்மா அப்பாங்களுக்கு ஒண்ணு சொல்லணும், பையன் ஹைஸ்கூல்ல நல்லா ஆடுறான், யுனிவர்சிட்டில எல்லாம் ஃப்ரீயா கெடைக்கும்னு கணக்குப் போட்டுடாதீங்க. அமெரிக்கால பெரிய யுனிவர்சிட்டிங்க தங்குறது சாப்பாடு வரைக்கும் குடுக்கும். இங்க விளையாட்டுக்காகக் குடுக்குற உதவித்தொகை அதிகபட்சமே டியூஷனும் கட்டாய ஃபீஸும்தான், வாடகைக்கும் சோத்துக்கும் நீங்கதான் பாக்கணும். அஞ்சு சீசன் வரைக்கும் ஆடலாம்.

அதுக்காக இது ஏதோ ரெண்டாம்தர ஆட்டம்னு ஒதுக்கிடவும் வேணாம். மெக்கில்ல மருத்துவம் படிச்சுக்கிட்டே ஆடின லோரான் டுவெர்னே டார்டிஃப் 2014ல என்எஃப்எல் டீம்ங்க புது ஆளுங்களை எடுக்குற டிராஃப்ட்ல தேர்வானாரு, டாக்டர் பட்டமும் வாங்கினாரு, 2020 பிப்ரவரில கன்சாஸ் சிட்டி டீமோட சேந்து என்எஃப்எல் ஃபைனலான சூப்பர் போலும் ஜெயிச்சாரு, அந்த வருஷமே கொரோனா வந்ததும் சீசனை விட்டுட்டு முதியோர் பராமரிப்பு இல்லத்துல வேலை பாக்கப் போயிட்டாரு. டேவிட் ஒன்யெமாட்டா நைஜீரியாலேர்ந்து மானிடோபாவுக்குப் படிக்க வந்தப்ப இந்த ஆட்டத்தை ஆடினதே கெடையாது, 2016ல நியூ ஆர்லியன்ஸ் அவரை நாலாவது ரவுண்டுல எடுத்துச்சு. இவங்க ரெண்டு பேரையும் அப்ப யாரோ ஒருத்தர் ஆயிரம் பேரோட பெஞ்ச்ல உக்காந்து இருபதடி தூரத்துல பாத்திருக்காங்க.

கடைசியா நேரக் கணக்கு. ஹாலிஃபேக்ஸுக்கும் வேன்கூவருக்கும் செப்டம்பர்ல 4 மணி நேரம் வித்தியாசம், சனிக்கிழமை மத்தியானம் ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணு ஆன்லைன்ல பாக்கலாம். ஆனா நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை கடிகாரத்தைத் திருப்பி வெப்பாங்க, சஸ்காச்சுவான்ல வெக்க மாட்டாங்க, அதுவரைக்கும் டொராண்டோலேர்ந்து 2 மணி நேரம் பின்னாடி இருந்த சஸ்கடூனும் ரெஜைனாவும் அதுக்கப்புறம் 1 மணி நேரம்தான் பின்னாடி. சரியா பிளேஆஃப் நடக்குற நேரம் அது, நான் ஒரு வாட்டி பழைய கணக்குலயே உக்காந்து ஃபர்ஸ்ட் ஹாஃப் மொத்தத்தையும் கோட்டை விட்டேன். நேர்ல போறதா இருந்தா ரெண்டு சாக்ஸ், ஒரு குஷன், ஃப்ளாஸ்க்ல டீ, மூணாவது டவுனுக்கு முன்னாடியே ஊத்தி வெச்சுக்கோங்க.