மலையகத்து வீடுகளில் கொங்கிரீட் பழுதுபார்த்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் கொங்கிரீட்டில் வெடிப்பு தெரிந்தவுடன் நம்மில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். ஒரு மூட்டைச் சீமெந்து வாங்கி, தெரிந்த மேசன் பாஸ் ஒருவரை அழைத்து, வெடிப்பின்மேல் சாந்து பூசி, அதற்கு மேல் நிறம் அடித்துவிடுவோம். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் அதே வெடிப்பு, சில வேளைகளில் முன்னைவிட அகன்று, மீண்டும் தெரியும். பூச்சு சரியில்லை என்று பழி பாஸ்மீது விழும். பூச்சு சரியாகவே இருந்திருக்கலாம்; கொங்கிரீட் ஏன் வெடித்தது என்று எவரும் பார்க்காததே குறை. மலையகத்தில் அதற்கான விடை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். வீட்டுக்கு அடியிலுள்ள மண் அசைந்திருக்கும், அல்லது கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கும். இரண்டுக்கும் காரணம் தண்ணீரே என்பதால், தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் வெடிப்பை மட்டும் அடைப்பதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது.

எந்த வெடிப்பு எதனால் வந்தது என்பதை அதன் வடிவத்தைக் கொண்டே ஓரளவு ஊகிக்கலாம். சீமெந்துக் கல் சுவரில் படிக்கட்டுப்போல ஏறிச் செல்லும் வெடிப்பும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் ஒடுங்கியும் காணப்படும் வெடிப்பும், அத்திவாரத்தின் ஒரு பகுதி இறங்கியிருப்பதைக் காட்டுகின்றன. பீமின் அடியிலோ தூணின் மூலையிலோ கம்பி போகும் நேர்க்கோட்டிலேயே, பழுப்புக் கறையுடன் ஓடும் வெடிப்பு துருவினால் வந்தது. மெல்லிய கோடுகள் வலைபோலப் பரவி, பூச்சோடு நின்றுவிடுமானால், அது சாந்து காய்ந்து சுருங்கியதால் வந்ததாகவே இருக்கும். அதைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை.

மண் இறங்கியதால் வந்த வெடிப்பென்று தோன்றினால் உடனே அடைக்கக் கூடாது. வெடிப்பின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதியை எழுதி, நடுவே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைக் குறுக்காகச் சாந்து வைத்து ஒட்டிவிட்டு, ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் கழியும்வரை பார்த்திருப்பது நல்லது. கண்ணாடி உடைந்தாலோ வெடிப்பு பென்சில் கோட்டைத் தாண்டினாலோ அசைவு இன்னும் நிற்கவில்லை. அசைந்துகொண்டிருக்கும் வெடிப்பில் எப்பொக்சியையோ கடினமான சாந்தையோ ஏற்றினால், அடைத்த இடம் உறுதியாக நின்று, அதற்கு ஓரங்குலம் தள்ளிச் சுவர் புதிதாக வெடிக்கும். ஹார்ட்வெயார் கடையில் விலை உயர்ந்த பொருளாகப் பார்த்து வாங்கினால் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

நம் பகுதியில் மண் ஏன் அசைகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். சரிவில் வீடு கட்டுவதற்கு மேட்டுப் பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கத்தில் கொட்டிச் சமன்செய்வதே வழக்கம். 7 பேர்ச் காணியில் வேறு வழியும் குறைவு. இதனால் வீட்டின் ஒரு பாதி காலங்காலமாக இறுகிய மண்ணின்மேலும், மறுபாதி நேற்றுக் கொட்டிய மண்ணின்மேலும் நிற்கிறது. அடுக்கடுக்காக இடித்து இறுக்காத மண், தன் பாரத்தாலும் இறங்கும் மழைநீராலும் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். இவ்விரு பாதிகளும் சேரும் கோட்டுக்கு நேர்மேலே, வரவேற்பறைத் தரையிலோ நடுச்சுவரிலோ, வெடிப்பு வருகிறது. போதாததற்கு நமது செங்களிமண் காய்ந்திருக்கும்போது கல்லைப்போல இருந்தாலும், நீர் ஊறிய பின் தாங்கும் சக்தியைப் பெருமளவில் இழந்துவிடுகிறது. மண்ணிலிருந்து நீர் ஒரேயடியாக வெளியேறினாலும் நிலம் அமுங்கி, இதே போன்ற வெடிப்புகள் வரும். உமா ஓயா நீர்த் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் புகுந்தபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியதும் வீடுகள் வெடித்ததும் பலருக்கும் நினைவிருக்கும்.

ஆகவே இத்தகைய வீட்டில் முதற்செலவு சீமெந்துக்கு அல்ல, கானுக்கு ஆக வேண்டும். கூரைத் தகரத்திலிருந்து விழும் நீர் அத்திவாரத்தின் ஓரத்திலேயே குழி பறிக்கிறதா, குளியலறை நீரும் சமையலறைக் கழிவு நீரும் எங்கே போய் முடிகின்றன, வீட்டுக்கு மேலேயுள்ள மண்மேட்டின் நீரைத் திருப்பிவிட மேட்டுக்கான் இருக்கிறதா, இருந்தாலும் அது இலைதழையால் அடைபட்டிருக்கிறதா என்பவற்றை மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையைப் பிடித்துக்கொண்டு சுற்றிவந்து பார்க்க வேண்டும். வெயிலில் பார்த்தால் இவற்றில் பாதி தெரியாது. கூரைக்குப் பீலி பொருத்தி, நீரைக் குழாய் வழியே வீட்டைவிட்டு விலக்கிக் கொண்டுபோய், அடியில் கொங்கிரீட் போட்ட கானில் விட்டாலே பல வெடிப்புகள் மேலும் வளராமல் நின்றுவிடும். ஆனால் அந்தக் கானை அத்திவாரத்தை ஒட்டி, அதன் அடிமட்டத்தைவிட ஆழமாக வெட்டுவது அடுத்த தவறு. அத்திவாரத்துக்குப் பக்கத்திலிருந்து கிடைக்கும் பிடிமானம் அதனால் போய்விடும். பின்புற மண்மேட்டின் அடியை இன்னும் கொஞ்சம் வெட்டிக் குசினியைப் பெரிதாக்குவதும் இதே வகையைச் சேர்ந்தது.

தாங்குசுவர் உள்ளவர்கள் செய்யும் ஒரு தவறு மிகவும் சாதாரணமாகத் தோன்றும். சுவரில் வரிசையாக விட்டிருக்கும் நீர்க்கண்கள் வழியாகச் செம்மண் நீர் வழிந்து, புதிதாக அடித்த நிறத்தில் கறை படிகிறதென்று அவற்றைச் சாந்தால் அடைத்துவிடுகிறார்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் மண்ணின் பாரத்தோடு தன் அழுத்தத்தையும் சேர்த்துச் சுவரைத் தள்ளும். சுவர் நடுவே வயிறு தள்ளி நிற்பதைக் கண்டால், மேலே பூசுவதற்கு முன் அந்தக் கண்களைத் திறக்க வேண்டும். கண்களில் மண் அரித்து வராமலிருக்க, சுவரின் பின்புறம் கருங்கல் சல்லி நிரப்பியிருக்க வேண்டும்; அது இல்லையென்றால் பின்புறத்தைத் தோண்டி நிரப்புவதே முறை. ஆனால் அதை மழைக்காலத்தில், சுவர் முழுவதையும் ஒரே தடவையில் திறந்து செய்யக் கூடாது.

சில வெடிப்புகள் பழுதுபார்க்க வேண்டியவையே அல்ல. வீட்டுச் சுவரோடு முற்றத்து மண்ணிலும் வெடிப்பு ஓடுவது, கதவுகள் திடீரென்று இறுகிக்கொள்வது, மேட்டில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, தெளிவாக வந்துகொண்டிருந்த ஊற்று கலங்கி வருவது ஆகியவை மண்சரிவின் அறிகுறிகள். அப்போது மேசனை அழைக்காமல் கிராம உத்தியோகத்தருக்கும், 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அறிவித்துவிட்டு வெளியேற வேண்டும். அந்த நிலத்தில் மீண்டும் குடியிருக்கலாமா, கட்டலாமா என்று சொல்ல வேண்டியது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் புதையுண்ட லயன் வீடுகளும் அபாயம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்ட சரிவில்தான் இருந்தன.

இனித் துருவுக்கு வருவோம். ஜன்னலுக்கு மேலே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு சிலாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பகுதியைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்றும், கெட்ட இடத்தில் பொக்கையாகவும் ஒலிக்கும். பொக்கையான இடத்தில் உளியை வைத்தால், உள்ளங்கையளவு கொங்கிரீட் முழுதாகக் கழன்று விழும். விழுந்த துண்டின் உட்புறத்தில் கம்பியின் முறுக்கு வரிகள் பழுப்பு நிறத்தில் அச்சாகப் பதிந்திருக்கும். கம்பியை நகத்தால் சுரண்டினாலே துரு ஏடு ஏடாக உரிந்து வரும். புதிய கொங்கிரீட்டின் கடுமையான காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள காபனீரொக்சைட்டு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊறி அந்தக் காரத்தன்மையைக் குறைத்துக்கொண்டு வருகிறது. அது கம்பியை எட்டிய பின் ஈரமும் ஒட்சிசனும் சேர்ந்தால் துரு தொடங்குகிறது. துரு தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தைப் பிடிப்பதால், கொங்கிரீட் உள்ளிருந்து பிளக்கிறது. கம்பிக்கு வெளியே 25 மில்லிமீற்றராவது கொங்கிரீட் இருந்திருந்தால் இது பல ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும். கொங்கிரீட் போட்ட அன்று கம்பிக்கு அடியில் கட்டை வைக்காமல், கம்பி பலகையிலேயே படுத்திருந்த சிலாப்புகள்தாம் முதலில் உதிர்கின்றன.

இதைப் பழுதுபார்க்கும்போது உதிர்ந்ததை மட்டும் தட்டிவிட்டு, துருக் கம்பியின்மேலேயே சாந்தை அப்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. துரு நிற்காது; சாந்துத் தட்டு அப்படியே கழன்று, ஒருநாள் யாருடைய தலையிலாவது விழும். கம்பியின் முன்பக்கத்தோடு நிறுத்தாமல், அதன் பின்பக்கத்திலும் விரல் நுழையுமளவு, அதாவது சுமார் 20 மில்லிமீற்றர், கொங்கிரீட்டைக் கொத்தி எடுக்க வேண்டும். நீளவாக்கில் துருவில்லாத கம்பி கண்ணில் படும்வரை போக வேண்டும். ஓரங்களைச் சரிவாக விடாமல் கிரைண்டரால் நேராக வெட்டிவிட வேண்டும், ஏனெனில் காகிதம்போல மெலிந்து முடியும் ஓரம் முதலில் காய்ந்து முதலில் உரியும். கம்பியைக் கம்பி பிரஷால் வெள்ளை இரும்பு தெரியுமளவு தேய்த்து, அன்றைக்கே துருத்தடுப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். மலைநாட்டுப் பனியில் ஓரிரவு விட்டாலே மீண்டும் செம்மை படரும். தேய்த்த பின் கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால், பூச்சு போதாது, பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். பழைய கம்பியோடு அது எவ்வளவு நீளம் சேர்ந்து ஓட வேண்டும் என்பதைக் கம்பியின் விட்டத்தைப்போல 40 முதல் 50 மடங்கு என்று கணக்கிடுவர். ஒரு சாண் கட்டிவிட்டால் போதும் என்பது தவறு. சாந்து வைக்கும் முன் பழைய கொங்கிரீட் நீரை உறிஞ்சி ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் மேலே நீர் நிற்கக் கூடாது. பிடிமானத்துக்குப் பூசும் சீமெந்துப்பால் காய்ந்துவிட்டதென்றால், அது பிடிப்பதற்குப் பதிலாகப் பிரிக்கும். காய்வதற்குள் சாந்து ஏறிவிட வேண்டும்.

கலவையில் நடக்கும் தவறுகள் ஊரறிந்தவை, எனினும் மலையகத்துக்கே உரிய சில உண்டு. மழையில் நனைந்து கிடக்கும் மணல் ஏற்கெனவே நிறைய நீரைச் சுமந்திருக்கிறது. 50 கிலோ சீமெந்து மூட்டைக்குச் சுமார் 25 லீற்றர் நீர் என்ற கணக்கில் மணலின் ஈரமும் அடக்கம். அதை மறந்து வாளிக் கணக்கில் ஊற்றினால் வேலை இலகுவாகும், கொங்கிரீட் பலவீனமாகும். மணலில் களியும் காக்காப்பொன்னும் (மைக்கா) கலந்திருப்பது இன்னொன்று. கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மீதிக்கு உப்புக் கலந்த நீரும் விட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் வைத்துப் பார்த்தால், மணலுக்குமேல் படியும் களி மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கைத் தாண்டக் கூடாது. பூச்சு வேலைக்கென்றே விற்கும் மேசன்றிச் சீமெந்தைப் பீமுக்கும் தூணுக்கும் பயன்படுத்தவும் கூடாது. சாதாரண போட்லண்ட் சீமெந்து மூட்டையில் எஸ்.எல்.எஸ். 107 என்ற இலங்கைத் தரக் குறியீடு இருக்கும். ஈரக்காற்றில் தரையோடு அடுக்கி வைத்திருந்த மூட்டையைச் சலித்துப் பயன்படுத்தும் பழக்கத்தையும் விட வேண்டும். கட்டியானதை எடுத்துவிட்டாலும் மிஞ்சிய மாவில் பாதி உயிர் போயிருக்கும்.

‘இங்கே எப்போதும் குளிரும் பனியும்தானே, புதிய கொங்கிரீட்டுக்கும் சாந்துக்கும் தண்ணீர் விடத் தேவையில்லை’ என்பதும் சரியல்ல. மூடுபனி நனைப்பதைவிட வேகமாகக் காற்று உலர்த்திவிடும். ஹப்புத்தளைப் பக்கத்துக் காற்று இரண்டு மணி நேரத்தில் மெல்லிய ஒட்டுச் சாந்தைக் காயவைத்துவிடும். ஈரச் சாக்கும் அதன்மேல் பொலித்தீனும் குறைந்தது ஏழு நாட்களுக்கு இருக்கட்டும். குளிரினால் வரும் சிக்கல் வேறு. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால் கொங்கிரீட் அங்கே மெதுவாகவே வலுப்பெறுகிறது, ஆகவே கொழும்புக் கணக்கில், கொங்கிரீட்டை அடியில் தாங்கும் முட்டுகளைக் கழற்றக் கூடாது. வேலைக்குரிய மாதமும் இடத்துக்கு இடம் மாறும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை வெளிவேலையைத் தொடாமல், ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை முடிப்பது நல்லது. பதுளை, வெலிமடைப் பக்கம் இதற்கு நேர்மாறாக ஜூன் முதல் செப்டெம்பர் வரை உலர்ந்த காலம். மேற்குச் சரிவிலிருந்து வரும் பாஸ் தன் ஊர் வழக்கப்படி நாள் குறித்தால், கிழக்குச் சரிவில் மழையில் மாட்டிக்கொள்வார்.

ஒழுகும் மொட்டைமாடிச் சிலாப்புக்கு உட்புறத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு அடிப்பவர்கள் நீரைக் கொங்கிரீட்டுக்குள்ளேயே சிறைவைக்கிறார்கள். கம்பி இன்னும் விரைவாகத் துருப்பிடிக்கும். தடுப்பு மேற்புறத்திலிருந்தே வர வேண்டும். அதற்கும் முன்னால் பாசியைச் சுரண்டி, நீர் வடியும் துளைகளைத் திறந்து, 100க்கு 1 என்ற அளவிலாவது சாய்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்வுக்காகத் தடித்த சாந்தை மேலே ஏற்றிக்கொண்டே போவதும் ஆபத்து, ஏனெனில் இரண்டங்குலச் சாந்து ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோ பாரம். 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி நிரம்பியபோது ஒரு தொன்னுக்கு மேல் என்பதையும் இதனோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இதுவரை சொன்னவற்றைக் கவனமான மேசன் ஒருவர் செய்துவிடலாம். தூணிலும், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வெளியே நீளும் பல்கனியிலும் அப்படியல்ல. பல்கனியில் பாரத்தைத் தாங்கும் கம்பி மேற்புறத்தில் இருக்கிறது. அது தெரியாமல் மேலே கொத்தினால், அடியில் முட்டு இல்லாத நிலையில் பல்கனி ஆளோடு இறங்கிவிடும். தூணைச் சுற்றிலும் ஒரே நாளில் கொத்தினாலும் மேலுள்ள பாரம் போக இடமில்லை. இவ்விரண்டுக்கும் பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்து, முட்டு எங்கே, எத்தனை, எந்த வரிசையில் என்று சொன்ன பின்னரே உளியை எடுக்க வேண்டும்.