அட்டிக்கில் பஞ்சு போடுமுன்

ஜனவரியில் கனடாவின் டொரொன்டோவில், ஸ்காபரோவின் பழைய தெரு எதிலாவது நடந்து பாருங்கள். ஒரு வீட்டுக் கூரையில் பனி மெத்தை மாதிரிக் கிடக்கும். பக்கத்து வீட்டில் திட்டுத் திட்டாக உருகி, ஷிங்கிள் என்ற கூரைத் தகடு தெரியும். கூரை விளிம்பில் ஈட்டி ஈட்டியாகப் பனி தொங்கும். பிள்ளைகளுக்கு அது வடிவு. வீட்டுக்காரருக்கோ காசு கூரை வழியாகப் போகிறது, உள்ளே ஏற்றிய சூடு மேலே கசிந்துதான் பனியை உருக்குகிறது. உருகிய தண்ணீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணை கட்டும். அதன் பின்னால் தேங்கும் நீர் ஷிங்கிளுக்கு அடியால் ஏறி வீட்டுக்குள் சொட்டும்.

சரி, அட்டிக்கில், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள வெளியில், சூட்டைக் காக்க இன்னும் நாலு மூட்டை பஞ்சு போட்டால் போச்சு என்று நினைப்பதுதான் முதல் பிழை. கண்ணாடி நார்ப் பஞ்சு வெப்பத்தைத் தாமதிக்கும், காற்றை மறிக்காது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் சில ஃபில்டர்களிலும் அதே நார்தான் இருக்கிறது. காற்று அதனூடே போகிறதுதானே. பழைய பஞ்சைத் தூக்கிப் பார்த்தால் அங்கங்கே கறுத்திருக்கும். பூஞ்சணம் என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது கீழிருந்து கசிந்த காற்று விட்டுப்போன தூசிதான். ஓட்டை எங்கே என்று அந்தக் கறுப்பே காட்டிக் கொடுத்துவிடும். குழாய் ஏறும் இடம், வயர் நுழையும் துளை, அட்டிக் மூடியின் விளிம்பு எல்லாவற்றையும் முதலில் அடையுங்கள். புகைக்கூண்டைச் சுற்றி மட்டும் சாதாரண ஃபோம் அடிக்கக் கூடாது. அங்கே தகரமும் தீ தாங்கும் பசையும் வேண்டும். சீலிங்குக்குள் பதித்த பழைய பாட் லைட்டுகளையும் அப்படியே பஞ்சால் மூடாதீர்கள், சூடேறித் தீப்பிடிக்கலாம்.

இன்னொன்று, பஞ்சுக்குப் பதில் தவிட்டுநிறக் கல்துகள் கிடந்தால் கை வைக்காமல் இறங்கிவிடுங்கள். அது வெர்மிகுலைட், பஞ்சுக்குப் பதிலாக அந்தக் காலத்தில் கொட்டியது. அமெரிக்காவில் மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்ததில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்தது. 1990இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டாலும் பழைய வீடுகளில் சரக்கு இன்னும் இருக்கிறது. பரிசோதித்த பிறகே மற்ற வேலை.

வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவுதான் ஆர் எண். ஒன்ராறியோவில் புது வீட்டு அட்டிக்குக்கு ஆர்-60 வரை போடுகிறார்கள், ஊதிப் போடும் பஞ்சில் ஏறத்தாழ 20 அங்குலம். அவ்வளவையும் கொட்டும் உற்சாகத்தில் கூரை விளிம்பின் அடியில் காற்று நுழையும் சொஃபிட் துளைகளையும் அடைத்துவிடுவார்கள். அங்கே காற்றுப் போக வழிவிடும் தட்டிகளை முன்பே வைக்க வேண்டும். குளியலறை ஃபேனின் குழாயை அட்டிக்குக்குள்ளேயே விட்டுவைப்பது இதைவிட மோசம். ஈரக்காற்று கூரைப்பலகையின் அடியில் உறைபனியாகப் படியும். வெயில் வந்த நாளில் அது உருகிச் சொட்டும்போது, கூரை ஒழுகுகிறது என்று ரூஃபரைக் கூப்பிடுவோம். புட்டும் இடியப்பமும் அவித்து, சோறு வடிக்கும் நம் சமையலறைகளில் ஆவிக்குப் பஞ்சமே இல்லை. அடுப்புக்கு மேலுள்ள ஃபேனும் வெளியே ஊத வேண்டும். வடிகட்டித் திருப்பி உள்ளே விடும் வகை ஈரத்துக்கு உதவாது.

சுவரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தடித்த பஞ்சை ஒடுங்கிய இடைவெளிக்குள் அமுக்கித் திணித்தால், உறையில் போட்டிருக்கும் ஆர் எண் கிடைக்காது. ஈரத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாள் கனடாவின் குளிரில் வீட்டின் உட்பக்கம், சூடான பக்கத்தில் வர வேண்டும்.

பேஸ்மென்ட், அதாவது வீட்டின் நிலத்தடித் தளம்தான் நம் ஆட்கள் அதிகம் அவசரப்படும் இடம். வாடகைக்கு விட வேண்டும், மோர்ட்கேஜ் கட்ட வேண்டும்; வெறும் கான்கிரீட் சுவரோடு பஞ்சை ஒட்டி, பிளாஸ்டிக் சுற்றி, டிரைவால் என்ற ஜிப்சம் பலகை அடித்து ஒரே மாதத்தில் ஆளைக் குடிவைத்துவிடுவார்கள். அறையின் ஈரக்காற்று பிளாஸ்டிக்கின் இடுக்குகளால் நுழைந்து, பஞ்சைக் கடந்து குளிர்ந்த கான்கிரீட்டில் பட்டு நீராகும், மண்ணின் ஈரமும் வந்து சேரும். பிளாஸ்டிக் இருப்பதால் இரண்டும் உலர வழியில்லை. கொஞ்ச நாளில் மணம் வரும், அப்புறம் குடியிருப்பவரின் பிள்ளைக்கு இருமல் வரும்.

கான்கிரீட்டோடு ஒட்ட வேண்டியது கெட்டியான ஃபோம் பலகை. பொருத்துகளை டேப்பால் மூடி, அதற்கு முன்னால் மரச்சட்டம், பிறகு டிரைவால். ஃபோமைத் திறந்தபடி விடக் கூடாது, தீப்பிடித்தால் புகை நஞ்சு. மேல்தளத்து மரம் அத்திவாரச் சுவரில் உட்காரும் விளிம்பையும் அடைக்க மறக்க வேண்டாம்; அங்கே கசியும் குளிர்தான் மேலே காலில் ஏறுகிறது.

சுவர் ஈரமா என்று அறிய ஒரு பிளாஸ்டிக் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். பின்புறம் துளிர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, முன்புறமென்றால் அறைக்காற்றிலிருந்து. சுவரிலிருந்து என்றால், வெளியே பீலித் தண்ணீர் எங்கே விழுகிறது, மண் வீட்டை நோக்கிச் சரிகிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். புதிதாக வாங்கிய வீடு என்றால் மார்ச், ஏப்ரலில் பனி உருகும்வரை பொறுங்கள். எந்த வெடிப்பால் தண்ணீர் வருகிறது என்று அப்போது தெரியும், டிரைவாலை உடைக்காமலே.