படகுக்கு அலாரம் பூட்டும்போது நேரும் தவறுகள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டி நிற்கும் ஆழ்கடல் படகுக்கும் பாலமீன்மடுக் கரையில் இழுத்து வைத்திருக்கும் பைபர் வள்ளத்துக்கும் ஒரே அலாரத்தை வாங்கிப் பூட்டுவதிலிருந்தே தவறு தொடங்குகிறது. ஆழ்கடல் படகில் அறையும் கதவும் உண்டு; அங்கே கதவிலும் மூடியிலும் காந்தச் சுவிட்ச் வைத்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். திறந்த வள்ளத்திலோ திருடன் திறக்க வேண்டிய கதவே இல்லை. அவன் கண் எஞ்சினிலும் எண்ணெய்த் தாங்கியிலும் வலையிலும்தான் இருக்கும். ஆகவே எஞ்சினின் பிடியூடாகச் சுற்றி வரும், அறுத்தாலோ கழற்றினாலோ ஒலிக்கும் ஒரு மெல்லிய வயர் வளையமே அதற்குப் பொருந்தும்.

வீட்டுக்கென்று செய்த அசைவு உணரியை வள்ளத்தில் வைப்பவர்கள் பலர். அது தன் முன்னே நகரும் வெப்பத்தைக் கண்டு வேலை செய்வது; வெயிலில் காய்ந்து காற்றில் அடிக்கும் படங்கும், மீன் வாடைக்கு ஏறும் நாயும் அதற்கு ஆளாகத்தான் தெரியும். என் மச்சானின் வள்ளத்தில் மூன்று இரவு தொடர்ந்து சைரன் கத்தியது. நாலாம் நாள் அவரே வயரைக் கழற்றி விட்டார். வீணாகக் கத்தும் அலாரத்துக்குக் கரையில் எவரும் எழுந்து வரமாட்டார்கள் என்பதால், அலாரம் இப்படி வீணாகக் கத்துவதைச் சிறிய கேடு என்று நான் எண்ணவில்லை.

மின்சாரத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். சைரன் ஒலிக்காமல் காவல் காத்திருக்கும்போது 20 மில்லி அம்பியர் மட்டும் இழுக்கும் கருவிகூட ஒரு நாளில் ஏறத்தாழ அரை அம்பியர் மணியைக் (பற்றரியில் உள்ள மின்னை அளக்கும் அலகு) குடிக்கும். ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும்; ஆதலால் 45 அம்பியர் மணிப் பற்றரியில் நாம் எடுக்கக் கூடியது 22 அளவுதான், அது ஒன்றரை மாதத்தில் தீரும். மாரியில் கடல் பொங்கி வள்ளங்கள் வாரக்கணக்கில் கரையில் கிடக்கும்போது, எஞ்சின் ஓடாது, பற்றரிக்குச் சார்ஜும் ஏறாது. கயிறு இழுத்து இயக்கும் எஞ்சின்கள் பலவற்றில் சார்ஜ் ஏற்றும் வசதியே இல்லை. 10 வாட் சோலர் தகடு ஒன்றைச் சார்ஜ் கட்டுப்படுத்தியோடு பூட்டினால், ஒரு மணி நேர நல்ல வெயிலே அன்றைய செலவை ஈடுகட்டிவிடும். இன்னொன்று: அலாரத்தைப் பிரதான சுவிட்சைத் தாண்டி வரும் வயரில் இணைத்துவிட்டு, வீட்டுக்குப் போகும்போது அந்தச் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அலாரத்துக்குப் பற்றரியிலிருந்து நேரே, பற்றரிக்கு மிக அருகில் பியூஸ் வைத்து, வயர் எடுக்க வேண்டும்.

உப்பைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஆறு மாதம் கழித்து ஒரு சாதாரண வயரின் நுனியை உரித்துப் பாருங்கள்: செம்பு கறுத்து, இழைகளுக்கிடையே பச்சைக் களிம்பு ஏறி, விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். வெள்ளீயம் பூசிய செப்பு வயரும், உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடிய இணைப்புகளும் விலை கூடியவைதான், ஆனாலும் இந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பெட்டியில் ஐ.பி. 67 என்ற நீர்காப்புத் தரக்குறி இருப்பது, நன்னீரில் ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்குவதற்கான சோதனையையே குறிக்கும். ஆண்டுக்கணக்கான உப்புக் காற்றை அது குறிக்காது.

சைரனுக்குள் காந்தம் இருக்கக்கூடும் என்பதால் திசைகாட்டிக்கு அருகே அதைப் பூட்டக் கூடாது. பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது, வள்ளத்தின் அடியில் தங்கும். பொறி எழக்கூடிய எந்தக் கருவியையும் தாங்கியின் அருகிலோ அடித்தளத்திலோ வைப்பது உயிருக்கே ஆபத்து.

போனுக்குச் செய்தி அனுப்பும் கருவியில் உரிமையாளரின் எண்ணை மட்டும் பதிவது வழக்கம். அவர் கல்லடியில் உறங்கிக்கொண்டிருப்பார், வள்ளம் முகத்துவாரத்தில் கிடக்கும். முதல் எண் வாடியில் (கரையிலுள்ள மீனவர் குடிலில்) இரவு தங்குபவருடையதாக இருக்கட்டும். காசு போடாமல் விட்ட சிம் சத்தமின்றிச் செயலிழந்துவிடும். ஆகையால் மாரிக்கு வள்ளத்தைக் கரையேற்றும் அன்றே எஞ்சினின் வயர் வளையத்தை நீங்களே கழற்றி, பதிந்த எல்லாப் போன்களும் அடிக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.