வீல் கவரை நீங்களே செஞ்சு மாட்டுறீங்களா? இதெல்லாம் பண்ணாதீங்க

காரைக்குடி பக்கம் இப்ப நெறைய பசங்க மைலேஜுக்காக கார் சக்கரத்துக்கு தட்டையா வீல் கவர் வெட்டி மாட்டுறாங்க. நல்ல வேலைதான். காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறுறதால டவுனுக்குள்ள ஒண்ணும் தெரியாது, திருச்சி ரோட்டுல ஏறுனாத்தான் பலன். ஆனா மாட்டியிருக்க விதத்தப் பாத்தா பதறுது. வட்டமா வெட்டுறது, ஓரத்த ராவுறதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

வீல் நட்டுக்கு அடியில கவரை வைக்காதீங்க

இதப் பாத்தா எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வரும். நட்டுதான் இருக்கே, தனி போல்ட் எதுக்குன்னு கவர்ல ஓட்டை போட்டு ஸ்டட்ல (நட்டு ஏறுற மரைக்கம்பி) கோர்த்து மேல நட்ட முடுக்கிடுறாங்க. நட்டோட கூம்பு முனை ரிம் குழியில நேரா உக்காந்தாத்தான் பிடிப்பே. நடுவுல பிளாஸ்டிக் வந்தா முடுக்குறப்ப டைட்டாத்தான் தெரியும், அப்புறம் அழுத்தத்துலயும் சூட்டுலயும் அது மெல்ல நசுங்கி ஒதுங்கும், நசுங்க நசுங்க நட்டு லூசு. தேவகோட்டை தம்பி ஒருத்தர் ஃபிளெக்ஸ் கடையில சன்போர்டு (லேசான பிளாஸ்டிக் பலகை) வாங்கி இப்படித்தான் மாட்டிட்டு குடும்பத்தோட புதுக்கோட்டை கெளம்பிருக்காரு, திருமயம் கிட்ட ஸ்டியரிங் ஆடுது, ரோடுதான் சரியில்லன்னு நெனச்சு ஓட்டிக்கிட்டே போயிருக்காரு, நிறுத்திப் பாத்தா நட்டு கையாலயே கழண்டு வருது. ரிம் ஓட்டை கோணிப்போச்சு, ஸ்டட் மரை போச்சு, ரெண்டும் புதுசு வாங்குனாரு. கைக்குழந்தை வேற வண்டியில.

அலுமினியத் தகடுன்னா வைக்கலாமான்னு கேக்குறாங்க. அதுவும் வேணாம். நட்டு அத்தனையும் வெளிய தெரியுற மாதிரி நடுவுல பெருசா வெட்டி விடுங்க. கவரை ரிம் ஓட்டை வழியா, பின்னாடி பட்டைத் தகடு கொடுத்து, தனி போல்ட்லயும் நைலாக் நட்டுலயும் (உள்ள நைலான் வளையம் வெச்ச, லேசுல கழலாத நட்டு) பிடிங்க. ஜாக்கி போட்டுத் தூக்கி சக்கரத்தக் கையால முழுசா சுத்தி, போல்ட் நுனி காலிப்பர்ல (டிஸ்க் பிரேக்கப் பிடிக்குற பாகம்) இடிக்குதான்னு கண்டிப்பா பாத்துருங்க.

கேபிள் டை

போல்ட்டுக்குப் பதிலா இந்த பிளாஸ்டிக் பட்டையால கவரைக் கட்டுறது வேணாம்.

போல்ட்ட இஷ்டத்துக்குப் போடுறது

15 இஞ்ச் ரிம் ஓரத்துல இருக்க 10 கிராம் போல்ட், 80 கிலோமீட்டர் வேகத்துல ஒரு கிலோ கனத்துக்கு வெளிய இழுக்கும். எதிரெதிரா, சம எடையில போடுங்க.

வால்வு

காத்து அடிக்க வால்வுகிட்ட கை போற அளவுக்கு கவர்ல ஓட்டை விடுங்க.

முன் சக்கரத்த முழுசா மூடுறது

பிரேக் வேலையில பெரும்பங்கு முன்னாடிதான், சூடும் அங்கதான். ஈரம் ஏறுன டாட் 3 (DOT 3) ரக பிரேக் ஆயில் 140 டிகிரி வாக்குலயே கொதிச்சிரும், கொதிச்சா பெடல் சும்மா உள்ள போகும். அதனால காத்து போக வழி விடுங்க, கொடைக்கானல் மாதிரி மலைக்குப் போறதா இருந்தா முன் கவர் ரெண்டையும் கழட்டி டிக்கில போட்டுட்டே கெளம்புங்க.