நுவரெலியாக் குளிரில் பன்றி இறைச்சிப் பாவோ அவிக்கும் முறை

பாவோ என்பது உள்ளீடு வைத்து ஆவியில் அவிக்கும் சீனர்களின் பணிஸ். அதற்கு வேண்டிய சாமான் எல்லாம் மலையகச் சந்தையிலேயே கிடைக்கும். சிரமம் கொடுப்பது குளிரும் உயரமும்தான்.

10 பாவோவுக்கு கோதுமை மா 270 கிராம், சோளமா 30 கிராம், சீனி 2 மேசைக்கரண்டி, ஈஸ்ட் 1 தேக்கரண்டி, எண்ணெய் 1 மேசைக்கரண்டி, இளஞ்சூட்டுத் தண்ணீர் 155 மில்லிலீற்றர். ரொட்டிக்கு வாங்கும் மாவே போதும். அதன் இழுவையைக் குறைக்கத்தான் சோளமா.

10 நிமிடம் நன்றாகப் பிசைந்து மூடி வையுங்கள். கொழும்பில் ஒரு மணித்தியாலத்தில் இரட்டிப்பாகும் மா, ஜனவரிக் குளிரில் மூன்று மணித்தியாலம் எடுக்கும். அவசரத்துக்கு ஈஸ்ட்டைக் கூட்டினால் புளித்த வாடைதான் மிஞ்சும். மாப் பாத்திரத்தோடு ஒரு கோப்பை சுடுதண்ணீரையும் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள்.

உள்ளீட்டுக்கு 250 கிராம் பன்றி இறைச்சியைக் கொத்திக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்பு இருக்கட்டும். தனிச் சதை வெந்ததும் சக்கையாகிவிடும். சோயா சோஸ் 2 மேசைக்கரண்டி, இஞ்சி, மிளகுத்தூள், நல்லெண்ணெய் 1 தேக்கரண்டி, தண்ணீர் 3 மேசைக்கரண்டி சேர்த்து, பசைபோல ஒட்டும்வரை ஒரே பக்கமாகக் கிண்டுங்கள். 75 கிராம் லீக்ஸை மடலுக்குள் இருக்கும் மண் போகக் கழுவி, நறுக்கி, கடைசியில் போடுங்கள். முன்பே போட்டால் உப்புக்குத் தண்ணீர் விட்டு, பாவோவின் அடி நைந்துபோகும்.

மாவைப் பத்தாகப் பிரித்து, ஓரம் மெல்லிசாகவும் நடு தடிப்பாகவும் தட்டி, உள்ளீடு வைத்து, மடித்து முறுக்கி மூடுங்கள். வாழையிலைத் துண்டில் 20 நிமிடம் வையுங்கள். தூக்கினால் பாரம் குறைந்தது போலிருக்க வேண்டும்.

கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் வேறிடத்தில் ஆவியில் 12 நிமிடம் அவிப்பது என்றால் இங்கே 16 நிமிடம். ஒன்றைப் பிட்டுப் பாருங்கள்; இறைச்சியில் சிவப்பு துளியும் தெரியக்கூடாது. இடியப்பப் பானை மூடிக்குத் துணி கட்டுங்கள், இல்லாவிட்டால் சொட்டு விழுந்த இடம் பள்ளமாகும். அடுப்பை அணைத்து 3 நிமிடம் கழித்தே திறக்க வேண்டும். உடனே திறந்தால் சுருங்கும். அப்படியும் சுருங்கினால் மா அளவுக்கு மிஞ்சிப் பொங்கியிருக்கிறது.

ஒரு பாவோவில் சுமார் 200 கலோரி, புரதம் 7 கிராம், கொழுப்பும் கிட்டத்தட்ட அவ்வளவே. உப்பு முழுக்க சோயா சோஸில் இருந்துதான், ஒன்றுக்கு அரை கிராம் அளவில். பிரஷர் உள்ளவர்கள் சோஸைப் பாதியாக்கி இஞ்சியைக் கூட்டலாம். நார்ச்சத்து குறைவு என்பதால், பக்கத்தில் வதக்கிய கோவா வைத்துச் சாப்பிடுங்கள்.