தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கி: முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

ராயபுரத்தில் தெரிந்தவர்கள் பழைய வீட்டை இடிக்கும் முன் பரணைக் காலி செய்தார்கள். கோணிக்குள் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி. தாத்தா ரயில்வேக்காரர், லீவு போட்டு வேட்டைக்குப் போனவராம். கடற்காற்றில் துரு ஏறாமல் இருக்குமா? நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டு மாப்பிள்ளை உப்புத்தாள் போட்டு வலது குழலைப் பளபளவென்று ஆக்கிவிட்டார். "பாத்தியாண்ணே, புதுசு மாதிரி கீது!" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

அது டமாஸ்கஸ் குழல். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, காய்ச்சி, சுருளாக அடித்து ஒட்டிச் செய்வது. அந்த முறுக்கு, மேற்பரப்பில் சுழி சுழியாகத் தெரியும். தேய்த்தால் அந்தச் சுழியும் பழைய நிறமும் மங்கும். எழுத்துப் பொறித்த இடத்தில் கை வைத்தால் துப்பாக்கியின் ஜாதகமே போச்சு. பழைய பொருள் வாங்குபவர்கள் துருவைக்கூட மன்னிப்பார்கள், பாலிஷை மன்னிப்பதில்லை.

ஜாதகம் இருப்பது குழலின் அடிப்பக்கத்தில், தோட்டா போடும் முனைக்கு அருகில். லண்டன், பர்மிங்காம் சோதனைச் சாலைகள் குழலைச் சுட்டுப் பார்த்து அடித்த முத்திரைகள் அங்கே இருக்கும். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் வந்தது. முத்திரையின் வடிவத்தை வைத்தே காலத்தை நெருங்கலாம். 'நாட் ஃபார் பால்' என்று இருந்தால் 1875-க்கும் 1887-க்கும் இடையில் சோதித்தது. குழல்வாய் குறுகலானது, ஒற்றைக் குண்டு போடாதே என்று அர்த்தம். முட்டைவடிவ வளையத்துக்குள் இ, எல், ஜி என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ். '12' என்று இருப்பதை வருஷம் என்றோ வரிசை எண் என்றோ நினைப்பவர்கள் உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தில் 12 உருண்டை வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அதுதான் குழலின் அளவு.

மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் பேரைப் பார்த்து ஏமாறுவது அடுத்த தவறு. மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ் கடையைக் கடிகாரத்துக்குத்தான் நமக்குத் தெரியும். அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள். 'மெட்ராஸ்' என்று பொறித்திருந்தால் இங்கே விற்றது என்று அர்த்தம். செய்தவர் இங்கிலாந்தில் இருக்கலாம்.

சரி, விலைக்கு வருவோம் என்றால், அதற்கு முன்னால் சட்டம் நிற்கிறது. "அரதப் பழசு, ஆண்டிக், லைசென்ஸ் எதுக்கு?" என்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழைய ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால் மட்டும். அதை நாமே முடிவுசெய்து வீட்டில் வைத்துக்கொண்டால், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 2 வருஷம், 5 வருஷம் வரை சிறை. ஆட்டோவில் போட்டு மவுண்ட் ரோட்டுக்கு விலை கேட்கக் கிளம்புவதும், லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்வதும், காயலாங்கடையில் எடைக்குப் போடுவதும் வேண்டவே வேண்டாம். முதலில் ஸ்டேஷனில் தகவல் சொல்லுங்கள். ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. வாரிசு லைசென்ஸுக்கு 2016 விதிகளில் இடமுண்டு. சென்னையில் மனு போலீஸ் கமிஷனருக்கு. ஒருவருக்கு 2 துப்பாக்கிதான், பரம்பரைச் சொத்தானாலும்.

விசையை இழுத்துப் பார்க்கவே கூடாது. குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கியில் தாத்தா கெட்டித்த மருந்து இன்னும் உள்ளே இருக்கலாம். டமாஸ்கஸ் குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால் குழலே வெடிக்கலாம். அது கருமருந்து என்ற பழைய வெடிமருந்துக் காலத்துச் சரக்கு.

வெளிநாட்டு ஏலத்தில் போன பவுண்டு விலையை ரூபாயாக மாற்றிக் கனவு காண்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 100 வருஷம் தாண்டிய தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. இங்கேயே லைசென்ஸ் உள்ளவருக்கோ டீலருக்கோதான் விற்கலாம். அதனால் வாங்குகிற ஆள் குறைவு. அவர்களும் முதலில் கேட்பது பேப்பரைத்தான்.

ராயபுரத்து வீட்டிலும் அதைத்தான் தேடினோம். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பழைய லைசென்ஸ் புத்தகம் இல்லை. ஆனால் ஏதோ ஒரு தேர்தலின்போது துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீது இருந்தது: எண், குழல் அளவு, கம்பெனி பேர் எல்லாம் மையில். டீலர் குழலைக் கழற்றி ரசீதோடு ஒத்துப் பார்த்தார். வலது பக்கம் ஒன்றும் படிக்க முடியவில்லை. மாப்பிள்ளையின் கை போகாத இடது குழலின் அடியில் பர்மிங்காம் முத்திரை அப்படியே இருந்தது.